நேரம் குறிக்கப்படாத சதைத் துண்டு

ஆரணியின் சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டியில் பட்டுக் கழியை முக்கி எடுத்து அரக்குச் சிவப்பை ஏற்றுகிற தொழிலாளிக்கும், வேலூரிலோ சென்னையிலோ ஒரு வைத்தியசாலையின் பரிசோதனைக்கூடத்தில் நோயாளியின் சதையை மெல்லிய தகடாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி நிறமேற்றுகிற உதவியாளருக்கும் ஒரே பூர்வீகம் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. 1856இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் ஊதா நிறச் சாயமொன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தபோது அதை அவர் ஏற்றிப் பார்த்தது பட்டில்தான். 1870களில் ஹைன்ரிக் காரோ என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஆக்கிய இயோசின் என்னும் செந்நிறம், பட்டுக்கும் கம்பளிக்கும் சாயமாகப் பிறந்து, சில ஆண்டுகளுக்குள்ளாகவே மனித சரீரத்தின் திசுக்களை நுண்ணோக்கியில் காட்டும் நிறமாகவும் ஆயிற்று. அதனோடு இன்றளவும் இணைபிரியாமல் வழங்கும் ஹெமடாக்ஸிலின், மத்திய அமெரிக்கக் காட்டுமரம் ஒன்றின் வைரக்கட்டையிலிருந்து எடுக்கப்பட்டு, ஐரோப்பியர் தங்கள் துணிகளுக்குக் கருநிறம் ஏற்றப் பன்னெடுங்காலம் பயன்படுத்திய சாயமாகும். பட்டு நூலும் புரதம், நம்முடைய சதையிலும் புரதம் மிகுதி. ஆகவே ஒன்றைப் பற்றிக்கொள்ளும் சாயம் மற்றொன்றையும் பற்றிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இவ்விரு சாயங்களும் சேர்ந்து நூற்றாண்டுக்கும் மேலாக வைத்தியருக்கு அளித்துவரும் உதவி மகத்தானது. உயிரணுக்களின் கரு நீலமாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்ற, அவற்றின் வடிவத்தையும் ஒழுங்கையும் ஒழுங்கின் குலைவையும் கண்ணால் கண்டு, இது புற்று, இது புற்றன்று என்று தீர்ப்புச் சொல்ல முடிந்தது. ஆயினும் வடிவத்தைக் காட்டிய இச்சாயங்களால் வடிவத்துக்குக் காரணமான பொருளைக் காட்ட இயலவில்லை. ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் ஓர் உயிரணுவில் இன்ன புரதம் இருக்கிறதா, இருந்தால் எவ்விடத்தில் இருக்கிறது என்று கேட்டால் அவை விடை தரா. அந்தக் கேள்விக்கு விடை தருவது, மருத்துவமனைகளில் ஆன்டிபாடி என்று சொல்லப்படும் எதிர்ப்பொருள். நோய்க்கிருமியை எதிர்க்க நம் ரத்தத்தில் இயற்கையாகவே சுரக்கும் இப்பொருள், தனக்குரிய ஒரே ஒரு பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. அந்தத் தன்மையையே கருவியாக்கி, எதிர்ப்பொருளோடு ஒளிவீசும் நிறமொன்றை இணைத்து, திசுவுக்குள் ஒளிந்திருந்த கிருமிப் பொருளைத் துலங்கச் செய்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ், 1940களின் தொடக்கத்தில். பின்னர் 1960களில் ஒளிவீசும் நிறத்துக்குப் பதிலாக, கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து எடுத்த நொதியை எதிர்ப்பொருளோடு பிணைத்து, அந்நொதி உண்டாக்கும் பழுப்பு நிறத்தைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே காணும் முறை வந்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டு, காப்புரிமை எடுக்காமலேயே அது உலகுக்குப் பொதுவாகும்படி விட்டார்கள். இன்று ஐ.எச்.சி. என்ற மூன்றெழுத்தால் நோயாளிகளின் காதில் விழும் பரிசோதனை, இவையெல்லாம் கூடிப் பிறந்த குழந்தை.

அந்தப் பழுப்பு நிறத்தைத் தரும் ரசாயனம் பென்சிடின் என்னும் பொருளின் வழிவந்தது என்பதையும் ஆரணி வாசகர்களுக்குச் சொல்லிவிடவேண்டும். பென்சிடினை மூலமாகக் கொண்ட துணிச் சாயங்கள் சிறுநீர்ப்பையில் புற்றை உண்டாக்கவல்லவை என்பதால் இந்திய அரசு 1990களில் அவற்றைத் தடை செய்தது. சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை ஃபிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் முதலில் எடுத்துச் சொன்னது 1895இல். அவர் சொல்லுக்கும் நம் சட்டத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருக்கிறது. தறிக்கும் தொட்டிக்கும் முன்னால் ஆயுளைக் கழிப்பவர்கள் வாழும் ஓர் ஊர், புற்றைக் கண்டறியும் சாஸ்திரத்தைத் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக எண்ணியிருக்க நியாயமில்லை.

இந்தச் சாஸ்திரத்தின் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அது நோயாளியின் சீட்டில் இன்னும் இடம்பெறாத கிளை. ஆனால் சீட்டில் இடம்பெற்றுவிட்ட மற்றப் பரிசோதனைகளுக்கு நாம் எவ்வளவு கவனம் செலுத்தவேண்டும் என்பதை அதைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. நம் உடலின் உயிரணுக்கள் தனித்தனிச் சுவருடையனவாயினும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்வன அல்ல. அடுத்தடுத்த இரண்டு உயிரணுக்களின் சவ்வுகள் மிக நெருங்கிவரும் இடங்களில், ஒன்றின் உள்ளிருந்து மற்றதன் உள்ளுக்கு நேராகத் திறக்கும் நுண்ணிய குழாய்கள் கூட்டங்கூட்டமாக அமைந்திருக்கின்றன. அவ்விடங்களில் இரு சவ்வுகளுக்கும் நடுவே எஞ்சும் வெளி ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் அளவில் இரண்டு மூன்று பங்குதான். 1967இல் ரெவெல், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலியின் இருதயத்திலும் ஈரலிலும் மின்னணு நுண்ணோக்கியால் இந்த மெல்லிய வெளியைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். இடைவெளி இணைப்பு என்ற பெயர் அதனால் வந்தது. அக்குழாய்களைக் கட்டும் புரதங்களுக்குக் கனெக்சின் என்று பெயர். ஓர் உயிரணுவின் பக்கத்தில் ஆறு கனெக்சின்கள் வட்டமாகக் கூடி அரைக்குழாய் ஆகும்; எதிர்ப்பக்கத்து உயிரணுவும் தன் ஆறைக் கூட்டி நிறுத்தும்; இரண்டும் முனையோடு முனை பொருந்தினால் வழி திறந்துவிடும். உப்புச் சத்துக்களும் சர்க்கரையும் சில சமிக்ஞைப் பொருள்களும் அவ்வழியே கடக்கும். பெரிய புரதங்கள் கடக்கமாட்டா. மனிதரிடத்தில் இத்தகைய புரதங்கள் ஏறத்தாழ இருபது வகை உண்டு. எடையைக் கொண்டு அவற்றை 26, 32, 43 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள்.

இக்குழாய்களின் தொழில் எத்தனை பெரிது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். இருதயத்தின் கோடிக்கணக்கான தசையணுக்கள் ஒரே தாளத்தில் சுருங்குவது, கனெக்சின் 43 முதலானவை அமைத்த வழிகளூடே மின் அலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடையின்றிப் பாய்வதால்தான். கருப்பையின் தசையில் கர்ப்பகாலம் முழுதும் அருகியே கிடக்கும் இவ்விணைப்புகள், பிரசவம் நெருங்கும்போது திடீரெனப் பெருகி, அதுவரை தனித்தனியே துடித்துக்கொண்டிருந்த தசையை ஒன்றுபட்டு உந்தும் ஒரே உறுப்பாக ஆக்குகின்றன. 1977இல் கார்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் எலிகளில் இதைக் கண்டு வெளியிட்டார்கள். பிறப்பதற்கும் இருப்பதற்கும் இந்தச் சின்னஞ்சிறு வாயில்கள் வேண்டியிருக்கின்றன.

புற்று எங்கே வருகிறதென்றால், இந்த உறவு அறுபடுகிற இடத்தில். 1966இல் நியூயார்க்கில் லோவன்ஸ்டைனும் கன்னோவும் ஆரோக்கியமான எலி ஈரலின் ஓர் உயிரணுவில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தியபோது அண்டை உயிரணுக்கள் அதை உணர்ந்தன. ஈரலில் எழுந்த புற்றுக்கட்டியில் அவ்வாறே செலுத்தியபோது அண்டை உயிரணுக்களில் சலனமே இல்லை. அண்டையோடு பேச்சற்றுப்போன உயிரணு, வளர்ச்சியை நிறுத்து என்று அண்டை சொல்வதையும் கேளாது போகிறது என்ற சித்தாந்தம் அன்று பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் மக்நட், வைன்ஸ்டைன் என்னும் இருவர், கருப்பை வாய்ப் புற்றில் இவ்விணைப்புகள் வெகுவாகக் குறைந்துபோயிருப்பதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். கருப்பை வாய்ப் புற்று என்றதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏழைத் தாய்மாரின் முகங்கள் நினைவுக்கு வராமற் போகாது.

ஆனால் மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்ப்பதும் மின்னணு நுண்ணோக்கியில் தேடுவதும் நோயாளிகள் நூற்றுக்கணக்கில் வரும் வைத்தியசாலைக்கு ஆகிற காரியமல்ல. 1980களில் கனெக்சின்களின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்து, அவற்றின் அமைப்பில் ஒரு சிறு துணுக்கைச் செயற்கையாகச் செய்து முயலுக்குச் செலுத்தி, முயலின் ரத்தத்தில் எழுந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத் திசுத் தகட்டின்மேல் இட்டபோதுதான், இப்புரதங்களை மனிதத் திசுக்களிலும் கட்டிகளிலும் நேரே காண வழி பிறந்தது. கண்டவர்கள் வியந்தது, அவற்றின் இருப்பைக் காட்டிலும் அவற்றின் இடத்தைக் குறித்தே. மார்பகப் பால் நாளத்தின் உட்பக்கத்து உயிரணுக்களில் கனெக்சின் 26உம், அவற்றைச் சூழ்ந்து நின்று சுருங்கும் வெளிப்பக்கத்து உயிரணுக்களில் கனெக்சின் 43உம் குடியிருந்தன. ஆரோக்கியமான திசுவில் கனெக்சின் 43 இரு உயிரணுக்களின் எல்லையில் புள்ளி புள்ளியாக நிறங்காட்டும். கட்டியிலோ அது பல சமயம் அறவே காணாமற் போயிருக்கும், அல்லது எல்லைக்கு வந்து சேராமல் உயிரணுவின் உள்ளேயே மங்கலாகப் பரவிக்கிடக்கும். இருந்தும் பயனில்லாத அந்நிலையை அளவை மட்டும் சொல்லும் பரிசோதனை எதுவும் காட்டாது. இடத்தைக் காட்டும் எதிர்ப்பொருள் நிறமேற்றமே காட்டும்.

காலம் செல்லச் செல்ல விஷயம் எளிமையாக இல்லை என்பதும் தெரிந்தது. சில கட்டிகளில் முதலில் மறைந்த கனெக்சின், கட்டி நெறிகட்டிக்குப் பரவியபின் மறுபடி தலைகாட்டுகிறது. மூளையில் எழும் சில கொடிய கட்டிகளின் அணுக்கள் நீண்ட இழைகளை நீட்டி, கனெக்சின் 43இன் துணையாலேயே ஒன்றோடொன்று பிணைந்து, சிகிச்சையின் தாக்குதலைத் தாங்கிக்கொள்கின்றன என்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆராய்ச்சியாளர் 2015இல் வெளியிட்டார்கள். உறவு அறுவதால் வரும் கேடும் உண்டு, வேண்டாத உறவு கூடுவதால் வரும் கேடும் உண்டு. ஆகையால் ஒரு சில்லில் பழுப்பு நிறம் இருக்கிறது, இல்லை என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு தீர்ப்பெழுதத் துணிபவர் இந்தப் புரதத்தின் விஷயத்தில் ஏமாந்துபோவார்.

நான் வற்புறுத்த வந்த சங்கதி இனிமேல்தான் வருகிறது. கனெக்சின் 43 நெடுநாள் வாழும் புரதமன்று. உயிரணுவுக்குள் அது தோன்றி, எல்லைக்குச் சென்று, தன் தொழிலைச் செய்து, அழிக்கப்படுவதற்குள் சில மணி நேரமே ஆகிறது. மேலும் அதன்மீது பாஸ்பேட் என்னும் சிறு ரசாயனத் தொகுதிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அவற்றைப் பொறுத்தே வாயில் திறப்பதும் மூடுவதும் நடக்கிறது. ரத்த ஓட்டம் நின்ற எலியின் இருதயத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இத்தொகுதிகள் உதிர்ந்து, இணைப்புகள் செயலற்றுப் போனதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பொருள்களிலோ, பாஸ்பேட் ஏறிய வடிவத்தை அறியாமல் ஏறாத வடிவத்தை மட்டும் பற்றுகிறவையும் உண்டு. இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அறுவைக் கத்தி ரத்தக் குழாயைத் துண்டித்த கணம் முதல் சதை, தன்னைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் விழும் கணம் வரை கழியும் நேரம், கடைசியில் சில்லின்மேல் தோன்றப்போகும் நிறத்தையே மாற்றிவிடக்கூடும் என்பது விளங்கும். உடலை விட்டு வந்த சதை அப்போதே கல்லாய்ச் சமைந்துவிடுவதில்லை. மூச்சடைத்த நிலையில் அதன் அணுக்கள் இன்னும் சிறிது நேரம் உழன்று, தம் புரதங்களைத் தாமே சிதைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தைப் பெரும்பாலான இடங்களில் எவரும் குறித்துவைப்பதில்லை. பல நாள் கழித்துப் பெருநகரத்தில் ஒரு நிபுணர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து, நிறம் இல்லை என்று எழுதும்போது, அந்த இன்மை நோயினால் வந்ததா, தாமதத்தினால் வந்ததா என்பதை அறிய அவரிடம் எந்த ஆதாரமும் இருப்பதில்லை.

ஆரணியிலிருந்து வேலூர் கண்ணமங்கலம் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிழக்கே காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் விளங்கும் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் அப்பால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மார்பில் கட்டி கண்ட ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்மணி முதலில் செல்வது இம்மூன்று இடங்களுக்கும் அன்று. ஊரிலேயே கைராசிக்காரர் என்று பெயரெடுத்த அறுவை மருத்துவரிடம். அவர் கட்டியை எடுத்து, சதையை டெஸ்டுக்குக் கொடுங்கள் என்று ஒரு டப்பாவில் இட்டு உறவினர் கையில் தருகிறார். உறவினர் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுகிறார். அந்த டப்பாவில் இருக்கவேண்டியது, அமிலத்தன்மை நீக்கிச் சமன்செய்யப்பட்ட பத்து சதவீத பார்மலின்; இருப்பது சில இடங்களில் வெறும் சலைன், சில இடங்களில் ஸ்பிரிட், சில இடங்களில் திரவமே இல்லாத ஈரத்துணி. பார்மலினே இருந்தாலும், சதை பெரிதாகவும் டப்பா சிறிதாகவும் இருந்தால் பயனில்லை. பார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே ஊடுருவுகிறது, ஆகவே முழு மார்பகத்தைப் பிளக்காமல் அப்படியே முக்கி வைத்தால் நடுவிலுள்ள கட்டிக்கு அது எட்டுவதற்குள் கட்டி அழுகத் தொடங்கிவிடும். அறுவை மருத்துவரையும் முழுதும் குறைசொல்ல மனம் வரவில்லை, ஏனெனில் சதை தம் கையை விட்டுப் போனபின் அதற்கு என்ன நேர்கிறது என்று அவருக்குப் படிக்கும் காலத்தில் எவரும் அழுத்திச் சொல்லித் தந்ததில்லை. அவர் காண்பது கடைசியில் வரும் அச்சிட்ட தாளை மட்டுமே.

கனெக்சின் ஆராய்ச்சிக்காரருக்கு மட்டுமே உரிய கவலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாமா, டிராஸ்டுஸுமாப் என்னும் விலையுயர்ந்த மருந்து பயன்படுமா என்பதையெல்லாம் இன்று நிர்ணயிப்பது இதே எதிர்ப்பொருள் நிறமேற்றந்தான். அவற்றுக்கு வகுத்த சர்வதேச விதிகள், சதையை வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இடவேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊறவைக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. நிறமேற்றுவதற்கு முன், பார்மலின் இறுக்கிப் பூட்டிய புரதங்களை அவிழ்ப்பதற்காகச் சில்லைக் கொதிக்கும் கரைசலில் வைத்தெடுப்பதும் உண்டு; பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்துப் பசை போக்காமல் சாயத்தில் முக்கினால் திட்டுத்திட்டாகவே பிடிக்கும் என்று ஆரணிச் சாயக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அதுபோன்றதே இதுவும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதில் பிழை நேர்ந்தால் இருக்கிற புரதம் இல்லாததாகத் தோன்றும்.

அப்படித் தோன்றியதால் நேர்ந்த ஒரு பெருந்துயரம் உலகறிந்தது. கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லேண்டு மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 300க்கும் மேற்பட்ட மார்பகப் புற்று நோயாளிகளுக்குத் தவறான விடை தரப்பட்டிருந்தது தெரியவந்தது. பயன்பட்டிருக்கக்கூடிய மாத்திரை கிட்டாமலே அவர்களில் பலர் காலம் கழித்திருந்தார்கள், சிலர் இறந்தும் போயிருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2009இல் தன் அறிக்கையை வெளியிட்டது. செல்வமும் சாதனமும் நிறைந்த நாட்டில், அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட கூடத்தில், எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நடந்த பிழை அது. அங்கே திரும்பிப் பார்க்கச் சதை பதித்த மெழுகுக் கட்டிகள் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்து மறுபடி சோதிக்க முடிந்ததால்தான் பிழை வெளிவந்தது. நம் சிற்றூர்களில் அப்படித் திரும்பிப் பார்க்க என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஒரு பரிசோதனையின் விடையை எப்படி நம்பவேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பயின்ற செல்லப்பன் நிர்மலா, சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி வந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கூடத்தில் எய்ட்ஸ் கிருமிக்கான எதிர்ப்பொருள் சோதனை செய்தார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. அந்த விடையை அப்படியே உரக்கச் சொல்லிவிடவில்லை. சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, மறுபடியும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி, வேறொரு முறையால் உறுதிசெய்த பிறகே அரசுக்கு அறிவித்தார்கள். இந்தியாவில் அந்நோய் உண்டு என்பதை நாடு அறிந்தது அவ்வாறுதான். அவர்கள் தேடியது ரத்தத்தில் ஊறிய எதிர்ப்பொருளை; இன்று நோய்க்குறியியல் கூடங்கள் செய்வது எதிர்ப்பொருளைக் கொண்டு சதையில் தேடுவது. தேடும் பொருள் வேறாயினும், ஒரு நிறமாற்றத்தை ஒரு மனிதரின் தலைவிதியாக எழுதுமுன் அது மெய்யா என்று வேறு வழியிலும் கேட்டறிய வேண்டும் என்ற கடமை ஒன்றே.

எதிர்ப்பொருளைப் புட்டியில் வாங்கியதாலேயே அது தன் பெயரில் எழுதிய புரதத்தைத்தான் பற்றும் என்று நம்பிவிடவும் கூடாது. கனெக்சின்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போல் ஒத்த அமைப்புடையவை. ஒன்றுக்கென்று செய்த எதிர்ப்பொருள் மற்றொன்றைப் பற்றுவது எதிர்பார்க்கத்தக்கதே. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஆராய்ச்சி முடிவுகள் திரும்பச் செய்தால் பொய்த்துப்போவதற்கு நம்பத்தகாத எதிர்ப்பொருள்கள் ஒரு பெருங்காரணம் என்ற முறையீடு உலகெங்கும் எழுந்தது. 2016இல் சர்வதேச அறிஞர் குழு ஒன்று, எதிர்ப்பொருளின் உண்மையைச் சோதிக்கும் வழிகளை வகுத்துக் கொடுத்தது: அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய உயிரணுக்களில் நிறம் தோன்றாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. நம் கூடங்களிலிருந்து வரும் அறிக்கைகளில், எந்த எதிர்ப்பொருள் பயன்பட்டது, அன்றைக்கு அதே தொகுதியில் நிறம் ஏறவேண்டிய சில்லும் ஏறக்கூடாத சில்லும் ஒழுங்காக நடந்துகொண்டனவா என்ற இரண்டு வரிகளேனும் இருக்கவேண்டும். சில நல்ல கூடங்களில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

சிகிச்சைக்கு இன்னும் உதவாத கனெக்சினைப் பற்றி ஓர் ஏழை மாவட்டம் ஏன் கவலைப்படவேண்டும் என்று கேட்பவர் இருக்கலாம். நியாயமான கேள்வி. முதலாவதாக, இப்புரதங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பிறவிச் செவிட்டுக்குக் கனெக்சின் 26இன் மரபணுவில் நேரும் பழுது ஒரு முக்கிய காரணம் என்று 1997இல் தெரியவந்தது. இந்தியக் குடும்பங்களில் அப்பழுதின் ஒரு குறிப்பிட்ட வகை மிகுதியாகக் காணப்படுவதையும் பின்னர் கண்டார்கள். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணம் முடிக்கும் வழக்கம் வேரூன்றிய நம் சமூகத்தில், தாய்வழியும் தந்தைவழியும் ஒரே பழுது வந்து சேர்ந்து குழந்தை கேளாச் செவியோடு பிறப்பது எவ்வளவு எளிது என்று விளக்கத் தேவையில்லை. இரண்டாவதாக, வாய்ப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் நம் மக்களிடையே எவ்வாறு தோன்றி வளர்கின்றன என்பதை நம் மக்களின் சதையைக் கொண்டே ஆராயவேண்டும். பாஸ்டனிலும் பெர்லினிலும் சேகரித்த சில்லுகள் வெற்றிலையோடு புகையிலை அடக்கிய கன்னத்தின் கதையைச் சொல்லமாட்டா. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்ததும், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதற்குத் தங்கள் வாழ்நாளை அர்ப்பணித்ததும், சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடக்கவேண்டும் என்ற உறுதியால்தான். கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கும் ஆய்வு மேசைக்கும் நடுவே சுவர் எழுப்பாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அடுத்த ஆட்சேபம் செலவு. நான் கேட்பதில் பெரும்பகுதிக்குச் செலவே இல்லை. 2023இல் தமிழக அரசு ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஈரோடு, கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடுதோறும் அழைப்பு விடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. மிக நல்ல காரியம். அத்தகைய திட்டம் விரிய விரிய, சந்தேகத்துக்குரிய சதைத் துண்டுகளும் சிற்றூர்களிலிருந்து பெருகிவரும். அவை வரும் வழியைச் சீர்படுத்தாமல் நுனியில் மட்டும் லட்சக்கணக்கில் விலைகொடுத்து இயந்திரம் வாங்கி வைப்பதால், கெட்டுப்போன சதைக்குத் துல்லியமாக நிறமேற்றுகிற சாமர்த்தியமே நமக்குக் கிட்டும்.

ஆகவே திருவண்ணாமலை மாவட்டத்து மருத்துவ அதிகாரிகளையும் மாநில சுகாதாரத் துறையையும் நான் வேண்டுவது இது. ஆரணி முதலிய ஊர்களில் அறுவை சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும், அரசினரதாயினும் தனியாருடையதாயினும், சமன்செய்த பார்மலின் நிரப்பிய அகன்ற வாய் டப்பாக்களை மாவட்ட மருத்துவக் கல்லூரியே வழங்கட்டும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இருக்கிறது. சதையோடு செல்லும் சீட்டில், வெட்டியெடுத்த நேரம், பார்மலினில் இட்ட நேரம் என்று இரண்டு கட்டங்களை அச்சிட்டு, அவை நிரப்பப்படாத சீட்டோடு வரும் சதையின் அறிக்கையில் அந்தக் குறையையும் எழுதவேண்டும் என்று விதிக்கட்டும். பெரிய உறுப்பாயின் அறுவை அரங்கிலேயே பிளந்து வைக்கும் முறையை அங்குள்ள செவிலியருக்கு ஒரு பிற்பகலில் கற்றுத்தரலாம். சோதனை முடிந்தபின் எஞ்சும் மெழுகுக் கட்டியை அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர் கல்லூரி பத்தாண்டு காக்கச் சொல்கிறது. நம் கூடங்களும் அவ்வாறே காத்து, வேறு வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேட்க நோயாளி விரும்பினால் அலைக்கழிக்காமல் கொடுக்கவேண்டும், ஆராய்ச்சிக்கு எடுப்பதாயின் அவருக்குப் புரியும் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். கையெழுத்துப் போடுமிடத்தை மட்டும் விரலால் காட்டுவது சம்மதம் ஆகாது.

நேரம் குறிக்கும் அவ்விரண்டு கட்டங்களை மட்டுமாவது வரும் தை முதல் தேதிக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். சுவரில் ஒரு கடிகாரமும் மேசையில் ஒரு பேனாவும் இல்லாத அறுவை அரங்கு இந்த மாவட்டத்தில் இல்லை.